எரிமலைத் தீவுகளின் அடித்தளம்: நில அதிர்வு அலைகள் காட்டிய உள்தோற்றம்

பள்ளிப் பாடநூலில் எரிமலைக்கு ஒரு படம் இருக்கும். கூம்பு வடிவ மலை, நடுவில் நேராக ஒரு குழாய், அடியில் சிவப்பு நிறத்தில் பெரிய பாறைக்குழம்பு அறை. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எரிமலைத் தீவு என்றால் நெருப்புக் குளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் நிலம் என்ற எண்ணம் பதிந்துவிடுகிறது. கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் நில அதிர்வு அலைகளைக் கொண்டு நடந்த ஆய்வுகள் இந்த எண்ணத்தை அடியோடு மாற்றியிருக்கின்றன. ஹவாய், ஐஸ்லாந்து, ரியூனியன், மான்செராட் என எந்தத் தீவை எடுத்துக்கொண்டாலும் அடியில் இருப்பதில் பெரும்பகுதி இறுகிய கல்தான். பல இடங்களில் அது சுற்றியுள்ள பாறையைவிட அடர்த்தியான கல். உருகிய குழம்பு சொற்பம். அதுவும் ஒரே இடத்தில் தேங்கி நிற்பதில்லை. இந்த முடிவுக்கு ஆய்வாளர்கள் எப்படி வந்தார்கள், அதில் எது உறுதி, எது இன்னும் வழக்கில் கிடக்கிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

தொடக்கம் ஒரு தீவில் நடக்கவில்லை. 1909-ல் குரோவேஷியாவின் குபா பள்ளத்தாக்கில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் பதிவுகளை ஆந்திரிய மொஹொரோவிசிச் ஒப்பிட்டுப் பார்த்தார். தொலைவிலுள்ள நிலையங்களுக்கு அலைகள் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே வந்திருந்தன. ஆழத்தில் வேகமான ஒரு அடுக்கு இருந்து, அலை அதன் வழியே குறுக்குப் பாதை பிடித்து வந்தால்தான் இது நடக்கும். மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் அந்த எல்லையைத்தான் இன்று மோஹோ என்கிறோம். கண்டங்களுக்கு அடியில் மோஹோ சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கடலடி மேலோட்டின் தடிமனோ வெறும் 6, 7 கிலோமீட்டர்தான். இவ்வளவு மெல்லிய ஓட்டின் மேல் கடல் தரையிலிருந்து 9 கிலோமீட்டர் உயரத்துக்கு ஹவாயின் மவுனா லோவா போன்ற ஒரு மலையை ஏற்றி வைத்தால் என்ன ஆகும் என்பதே எரிமலைத் தீவு ஆய்வின் முதல் கேள்வி.

அலைகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை இங்கேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. முதன்மை அலை பாறையை அமுக்கியும் தளர்த்தியும் செல்கிறது. அது திரவத்திலும் போகும். இரண்டாம் நிலை அலை பாறையைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்கிறது. திரவத்தில் அதற்கு வழியில்லை. புதிதாகக் கொட்டிய, துளைகள் நிறைந்த எரிமலைக்குழம்புப் பாறையில் முதன்மை அலை நொடிக்கு 3, 4 கிலோமீட்டர் ஓடும். ஆழத்தில் மெதுவாக ஆறி இறுகிய கப்ரோ பாறையில் 7 கிலோமீட்டர். கவசத்தில் ஏறத்தாழ 8. கருவி அளந்து தருவது வேகத்தை மட்டும்தான். ஓர் இடத்தில் வேகம் குறைவு என்றால் அங்கே வெப்பம் அதிகமாக இருக்கலாம், சிறிதளவு உருகியிருக்கலாம், பாறையில் விரிசல் மிகுந்திருக்கலாம், பாறையின் வகையே வேறாக இருக்கலாம். இந்தத் துறையில் நடந்த பெரிய சண்டைகள் எல்லாமே ஒரே எண்ணுக்கு இப்படிப் பல விளக்கம் இருப்பதிலிருந்து பிறந்தவை.

இன்னொரு சிக்கல் இடம் சார்ந்தது. ஆழமாகப் பார்க்க வேண்டுமானால் அலை வெகுதூரம் சென்று திரும்ப வேண்டும்; பத்து கிலோமீட்டர் ஆழம் தெரிய வேண்டுமென்றால் கருவிகள் பல பத்து கிலோமீட்டருக்குப் பரவியிருக்க வேண்டும். தீவு அதற்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே கடலுக்கு அடியில் கருவி வைக்காமல் எரிமலைத் தீவின் மேலோட்டை முழுமையாகப் படிப்பது கடினம். கடலடி நில அதிர்வுமானி என்பது கனத்த இரும்பு நங்கூரத்தோடு பிணைத்த, நீரழுத்தம் தாங்கும் உருண்டைக்குள் அடைத்த பதிவுக் கருவி. கப்பலிலிருந்து தள்ளிவிட்டால் தானாக மூழ்கித் தரையில் உட்காரும். மாதக்கணக்கில் பதிவு செய்தபின் கப்பல் மீண்டும் அதே இடத்துக்கு வந்து ஒலி சமிக்ஞை அனுப்பும். நங்கூரப் பிணைப்பு அறுந்து கருவி நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர் வேகத்தில் மேலே வரும். 4,500 மீட்டர் ஆழமென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். சமிக்ஞைக்குப் பதில் வராமல் அங்கேயே தங்கிவிடும் கருவிகளும் உண்டு. கடலுக்கு அடியில் ஜி.பி.எஸ். எட்டாது என்பதால் கருவியின் கடிகாரத்தை இறக்கும் முன்னும் எடுத்த பின்னும் சரிபார்த்து, இடையில் ஓடிய பிழையைக் கணக்கிட்டுக் கழிக்கிறார்கள். நொடியில் நூறில் ஒரு பங்கைப் பொருட்படுத்தும் ஆய்வு இது. அந்தக் கடிகாரத் திருத்தத்தில் கோட்டைவிட்டால் பின்னால் எந்தக் கணினியாலும் மீட்க முடியாது.

ஹவாய்க்கு வருவோம். அங்கே தாமஸ் ஜாகர் 1912-ல் கிலாவேயா எரிமலையின் விளிம்பில் கண்காணிப்பகம் தொடங்கியபோது ஜப்பானிய அறிஞர் ஓமோரி வடிவமைத்த அதிர்வுமானிகள் அங்கே வந்துவிட்டன. ஆனால் தீவின் அடி வளைந்திருக்கிறது என்ற கருத்து முதலில் அலைகளிலிருந்து வரவில்லை. நெதர்லாந்தின் வேனிங் மைனஸ் நீர்மூழ்கிக் கப்பல்களில் ஈர்ப்பு விசையை அளந்து, தீவின் எடையைத் தாங்க அதைச் சுற்றிலும் வெகு தொலைவுக்குப் புவித்தட்டு மொத்தமாக வளைகிறது என்று 1941-ல் எழுதினார். ஈர்ப்பு அளவீடு வளைவு இருக்கும் என்று சொல்லும். வளைந்த அடுக்கை நேரில் காட்டாது. அதைக் காட்ட 1982-ல் ஓவாஹு தீவருகே இரண்டு கப்பல்கள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. ஒன்று காற்றுத் துப்பாக்கியால் கடலில் அழுத்தக் காற்றை வெடித்து அலை எழுப்ப, மற்றொன்று பல கிலோமீட்டர் நீளமுள்ள வடத்தில் கோத்த ஒலிவாங்கிகளை இழுத்துக்கொண்டு விலகிச் சென்றபடி பதிவு செய்தது.

ஆந்தனி வாட்ஸும் உரி டென் பிரிங்கும் சக ஆய்வாளர்களும் 1985-ல் நேச்சர் இதழில் அந்த முடிவுகளை வெளியிட்டார்கள். பழைய கடலடி மேலோடு தீவை நோக்கிச் சரிந்து செல்வது பதிவுகளில் அப்பட்டமாகத் தெரிந்தது. வேனிங் மைனஸ் சொன்னது மெய்யானது. கூடவே எதிர்பாராத ஒன்றும் வந்தது. மேலோட்டின் அடியில், கவசத்துக்கு மேலே, சுமார் 4 கிலோமீட்டர் தடிமனில் நொடிக்கு 7.4 முதல் 7.8 கிலோமீட்டர் வேகமுள்ள ஓர் உடல் தென்பட்டது. மேலோட்டுப் பாறைக்கு இந்த வேகம் அதிகம், கவசத்துக்குக் குறைவு. மேலேறி வந்த பாறைக்குழம்பில் ஒரு பகுதி வெளியே வராமல் மோஹோவில் தடைபட்டு அங்கேயே பரவி இறுகிவிட்டது என்று அவர்கள் விளக்கினார்கள். அதாவது தீவு மேலிருந்து கட்டப்படுவதைப் போலவே கீழிருந்தும் கட்டப்படுகிறது.

இந்த எண்ணம் பல கணக்குகளை மாற்றியது. ஒரு வெப்பப்புள்ளி (ஆழத்திலிருந்து ஏறும் வெப்பத்தால் எரிமலைகள் பிறக்கும் இடம்) மொத்தம் எவ்வளவு பாறைக்குழம்பை உற்பத்தி செய்கிறது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் மலையின் கன அளவை மட்டும் எடுத்தால் போதாது, அடியில் ஒட்டியதையும் சேர்க்க வேண்டும் என்றானது. பசிபிக்கின் மார்கேசஸ் தீவுகளுக்கு அடியிலும் அப்படிப்பட்ட உடல் இருப்பதாக 1995-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் 1997-ல் கேனரித் தீவுகளின் டெனெரிஃபில் அதே வாட்ஸ் தேடியபோது அது இல்லை. ஹவாயைச் சுற்றி 2005 முதல் 2007 வரை கடலடி அதிர்வுமானிகளை இறக்கி நடத்திய 'புளூம்' ஆய்வின் தரவுகளிலிருந்து, அடியில் ஒட்டிய பாறை தீவுகளைத் தாண்டியும் பரந்திருக்கிறது என்று 2010-ல் ஒரு குழு எழுதியது. பிறகு 2018, 2019 ஆண்டுகளில் மார்கஸ் லாங்செத் என்ற ஆய்வுக் கப்பல் ஹவாய்த் தொடரின் குறுக்கேயும், அதன் வடக்கு நீட்சியான எம்பரர் கடலடி மலைத்தொடரிலும் முன்னெப்போதையும்விட அடர்த்தியாகக் கருவிகளை இறக்கிப் பதிவு செய்தது. இந்தக் குழுவிலும் வாட்ஸ் இருந்தார். எம்பரர் தொடரிலும், 2023-ல் வெளியான முடிவின்படி ஹவாயிலும், மேலோட்டுக்கு அடியில் அப்படிப் பெரிய அளவில் ஒட்டிய உடலுக்குச் சான்று கிடைக்கவில்லை. மேலோடு வளைந்திருக்கிறது, அதன் தடிமன் சாதாரணக் கடலடி மேலோட்டின் தடிமனை ஒத்தே இருக்கிறது.

தான் முன்னின்று கண்டுபிடித்ததாக உலகம் ஏற்றுக்கொண்ட ஒன்றை, நாற்பது ஆண்டுகள் கழித்து, மேலான கருவிகளோடு அதே கடலுக்குத் திரும்பிப்போய் ஒருவர் மறுபரிசீலனை செய்கிறார். இந்தத் துறையின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு இது ஒரு பெரிய காரணம். வழக்கு முற்றாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதிய தரவே வலுவானது. 1982-ல் தீவின் உடலுக்குள் வேகம் எப்படி மாறுகிறது என்பது சரிவரத் தெரியாது. மேலே உள்ளதில் ஒரு பிழை இருந்தால் அது அலையோடு சேர்ந்து கீழே இறங்கி, ஆழத்தில் ஓர் உடலாகத் தோன்றும். புதிய ஆய்வில் கருவிகள் நெருக்கமாக இருந்ததால் மலையின் உட்பகுதியைத் தனியாகவும் அடியைத் தனியாகவும் பிரித்துப் பார்க்க முடிந்தது. இனி ஏதாவது ஒரு தீவுக்கு அடியில் பாறைக்குழம்பு ஒட்டியிருப்பதாகப் படித்தால், மேல் அடுக்கை எப்படி அளந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

வளைவு என்பது பழங்கதை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஹவாயின் பெரிய தீவு இன்றும் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்ந்துகொண்டிருக்கிறது. 2006 அக்டோபர் 15 அன்று கீஹோலோ விரிகுடாவுக்கு அடியில் 6.7 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் மையம் ஏறத்தாழ 39 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. எந்த எரிமலைக் குழாயும் வெடித்ததால் வந்ததல்ல அது. சுமையால் வளையும் தட்டின் உள்ளே தேங்கிய இறுக்கம் தளர்ந்ததால் வந்தது.

ஐஸ்லாந்தில் நடந்தது இதைவிடப் பெரிய சண்டை. குட்முண்டூர் பால்மசோன் அந்தத் தீவின் அடுக்குகளை வெடிகள் மூலம் அளந்து 1971-ல் முடிவுகளை வெளியிட்டார். 10, 15 கிலோமீட்டருக்குக் கீழே நொடிக்கு 7.2 கிலோமீட்டர் வேகமுள்ள ஓர் அடுக்கு தெரிந்தது. கவசத்துக்கு இந்த வேகம் குறைவு. ஆகவே இது வெந்து, ஓரளவு உருகியும் இருக்கும் கவசம் என்று கொண்டார்கள். மின்கடத்துத்திறன் அளவீடுகளும் ஏறக்குறைய அதே ஆழத்தில் நன்றாகக் கடத்தும் ஓர் அடுக்கைக் காட்டியதால் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது. நடுக்கடல் முகட்டின் மேல், வெப்பப்புள்ளியின் மேல் உட்கார்ந்திருக்கும் தீவுக்கு மெல்லிய, சூடான மேலோடு என்பது பொருத்தமாகவே பட்டது.

1990-ல் தென் ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வு இதை உடைத்தது. 20 முதல் 24 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து தெளிவான எதிரொலிப்பு வந்தது. அதுவே மோஹோ என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். எதிரொலிப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வில்லியம் மென்கேயும் வாடிம் லெவினும் 1994-ல் வைத்த வாதம். 'உருகிய அடுக்கு' என்று கருதிய ஆழத்தின் ஊடாக இரண்டாம் நிலை அலைகள் வலுக்குன்றாமல் வந்து சேர்ந்தன. அங்கே சிறிதளவு உருகியிருந்தாலும் அந்த அலைகள் தேய்ந்துபோயிருக்க வேண்டும். எனவே அந்தப் பாறை உருகுநிலைக்கு நன்றாகக் கீழே இருக்கிறது. வெப்பப்புள்ளியின் மேல் குளிர்ந்த மேலோடு. அதற்குப் பிந்தைய ஆய்வுகளில் வட்னாயோகுல் பனிப்பாறைக்கு அடியில் மேலோட்டின் தடிமன் 38 முதல் 40 கிலோமீட்டர் என்று வந்தது. கண்டத்துக்குரிய தடிமன் அது; ஆனால் பாறை கண்டத்துக்குரியது அல்ல. அலை வந்த நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இந்தச் சண்டை இன்னும் நடந்துகொண்டிருக்கும். அலையின் வலுவையும் கேட்டதால் தீர்ந்தது.

வெடியும் கப்பலும் இல்லாமல் மேலோட்டின் தடிமனை அளக்க ஒரு வழி உண்டு. 1979-ல் சார்லஸ் லாங்ஸ்டன் வளர்த்தெடுத்த இதற்கு 'ரிசீவர் ஃபங்ஷன்' என்று பெயர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், சொல்லப்போனால் இந்தோனேசியாவிலோ சிலியிலோ, பெரிய நிலநடுக்கம் ஒன்று நிகழ்கிறது. அதன் முதன்மை அலை தீவின் அடியிலிருந்து ஏறக்குறைய செங்குத்தாக மேலே வருகிறது. மோஹோவைத் தாண்டும்போது அதில் ஒரு சிறு பகுதி இரண்டாம் நிலை அலையாக மாறிவிடுகிறது. மாறியது மெதுவாக ஓடுவதால் பின்தங்கி வரும். பதிவுத்தாளில் முதல் துடிப்பு தெரிகிறது. 15 கிலோமீட்டர் தடித்த மேலோடு என்றால் ஏறத்தாழ 1.8 நொடி கழித்து அதன் பக்கவாட்டுக் கோட்டில் ஒரு சிறு மேடு. கண்ட மேலோட்டில் அதே மேடு 4 நொடி தள்ளி வரும். ஒரே ஒரு நிலையமும் சில ஆண்டுப் பதிவும் இருந்தால் தடிமன் கிடைத்துவிடுகிறது என்பது இதன் கவர்ச்சி. ஆனால் தீவில் அந்த 1.8 நொடிக்குள் என்னென்னவோ நடக்கிறது. மேலேயுள்ள எரிமலைக்குழம்பு அடுக்குகளுக்குள் அலை மேலும் கீழும் குதித்து எழுப்பும் எதிரொலி அதே நேரத்தில் வந்து, மோஹோ மேட்டோடு கலந்துவிடுகிறது. கரையில் மோதும் அலைகளின் இரைச்சல் வேறு. ஒற்றை நிலையத்தின் ஒற்றை மேட்டை நம்பி ஒரு தீவின் மேலோட்டை அளந்துவிட்டதாகச் சொல்லும் கட்டுரைகளை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன்.

அந்தக் கடல் இரைச்சலே பிறகு கருவியானது. இதைச் சொல்ல ரியூனியனுக்குப் போக வேண்டும். இந்தியப் பெருங்கடலில் உள்ள இந்தப் பிரெஞ்சுத் தீவு தமிழருக்கு அந்நியமானதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே பெருந்திரளாக வாழ்கிறார்கள். தீவின் தென்கிழக்கில் 2,632 மீட்டர் உயரமுள்ள பிட்டோன் டி லா ஃபூர்னேஸ் உலகிலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. 1977-ல் அதன் குழம்பு பிட்டோன் செயின்ட் ரோஸ் ஊருக்குள் புகுந்தது. 1979-ல் கண்காணிப்பகம் வந்தது.

அங்கே வந்து குடியேறியவர் கெய்ட்டி ஆகி. நில அதிர்வியலின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. 1957-ல் டோக்கியோவில் இருந்தபோது, நிலத்தில் எப்போதும் இருக்கும் நுண்ணதிர்வுகளை இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் பதிந்து ஒப்பிட்டால் இடைப்பட்ட நிலத்தின் வேகம் கிடைக்கும் என்று கணிதமாகக் காட்டியவர். 1970-களில் மருத்துவமனை சி.டி. ஸ்கேன் போலப் பல திசைகளிலிருந்து வரும் அலைகளைக் கோத்து நிலத்தின் முப்பரிமாணப் படம் எடுக்கும் டோமோகிராபி முறைக்கு வழி திறந்தவரும் அவரே. வாழ்வின் கடைசி ஆண்டுகளை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை விட்டு ரியூனியனின் எரிமலையோடு கழித்து, 2005-ல் அங்கேயே காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஃபுளோரன் பிரெங்கியேவும் அவர் குழுவும் அதே எரிமலையில், நிலநடுக்கமோ வெடியோ இல்லாமல், கடல் எழுப்பும் இரைச்சலை மாதக்கணக்கில் பதிந்து, நிலையங்களுக்கிடையே ஒப்பிட்டு, மலையின் உட்பகுதியைப் படமெடுத்தார்கள். நடுவே வேகம் மிகுந்த ஓர் இறுகிய கரு தெரிந்தது. 2008-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: வெடிப்புக்கு முந்தைய நாள்களில் மலைக்குள் அலையின் வேகம் ஏறத்தாழ 0.1 சதவீதம் குறைகிறது. குழம்பு ஏறும்போது மலை மிக லேசாக உப்பி, விரிசல்கள் திறப்பதன் தடம் அது. இவ்வளவு சிறிய மாற்றத்தை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க முடிந்ததை இந்தத் துறையின் மிக அழகான சாதனையாகக் கருதுகிறேன்.

ரியூனியனின் மேலோடு வேறொரு புதிரையும் வைத்தது. ஹவாய் போலவே இதுவும் பெரிய சுமை. ஆனால் 1990-களில் ஆய்வுக் குழுக்கள் அளந்தபோது மேலோடு ஹவாயில் வளைந்த அளவுக்கு இங்கே வளையவில்லை. 2012, 2013 ஆண்டுகளில் 'ரும்-ரம்' திட்டத்தின்கீழ் கில்ஹெம் பாரூல், காரின் சிக்லோக் தலைமையில் 57 கடலடி அதிர்வுமானிகள் இந்தியப் பெருங்கடலில் இறங்கின. அவற்றின் முக்கிய முடிவுகள் மேலோட்டைத் தாண்டி, ஆழ்ந்த கவசத்திலிருந்து கிளைபிரிந்து ஏறும் வெப்பத் தூண்களைப் பற்றியவை. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பாறைகளைக் கொட்டியதும் இதே வெப்பப்புள்ளிதான் என்பதால் இந்தத் தரவு நமக்கும் உரியது.

பக்கத்திலுள்ள மொரீஷியஸ் பற்றி ஒரு சொல். அந்தத் தீவின் பாறைகள் 1 கோடி ஆண்டுகூட ஆகாதவை. 2017-ல் லூயிஸ் ஆஷ்வால் குழு அங்கே ஒரு பாறைக்குள் 300 கோடி ஆண்டு வரை பழமையான சிர்கான் படிகங்களைக் கண்டது. தீவுக்கு அடியில் பழைய கண்டத்தின் துண்டு ஒன்று புதைந்திருக்கிறது என்றார்கள். இதைக் குமரிக்கண்டத்தோடு முடிச்சுப்போடுவோர் உண்டு. மனித இனம் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உடைந்துபோன பாறைக்கும் அந்த மரபுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தத் துண்டு எவ்வளவு பெரிது என்பதைப் படிகங்கள் சொல்லாது. கடலில் நீளமான அளவைக் கோடுகள் போட்டு அலைகளைக் கேட்டால்தான் தெரியும்.

இனி உருகிய பகுதி. மவுனா லோவா, கிலாவேயா இரண்டின் உச்சிக்கும் அடியில் டோமோகிராபி காட்டியது வேகம் மிகுந்த உடலை. பால் ஓகுபோ, ஹார்லி பென்ஸ், பெர்னார்ட் ஷூவே 1997-ல் எழுதிய விளக்கம் இது: குழம்பு ஆறும்போது முதலில் படிகமாகும் கனத்த ஆலிவின் அடியில் தங்கித் தங்கி இறுகிய கரு அது. கரீபியனின் மான்செராட்டிலும் இதே கதைதான். 1995 ஜூலையில் சூஃப்ரியேர் ஹில்ஸ் எரிமலை விழித்து, பின்னர் தலைநகர் பிளிமத்தைப் புதைத்த தீவு அது. 2007 டிசம்பரில் ஆய்வுக் கப்பல் ஒன்று காற்றுத் துப்பாக்கியை இயக்கிக்கொண்டே தீவைச் சுற்றி வந்தது. தரையிலும் கடலடியிலும் வைத்த கருவிகள் பதிவு செய்தன. ஒவ்வொரு எரிமலைக்கும் அடியில் வேகமான, குளிர்ந்த கரு. அதற்குக் கீழே, 5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில்தான் வேகம் குறைந்த பகுதி.

அப்படியானால் குழம்பு அறை எங்கே? அலைகள் அதைக் காணாமல் விட்டதற்கு ஓர் அடிப்படைக் காரணம் இருக்கிறது. முதலில் வந்து சேரும் அலையின் நேரத்தை மட்டும் அளந்தால், அந்த முதல் அலை எப்போதும் வேகமான பாதையில் வந்ததாகவே இருக்கும். சிறிய உருகிய உடல் ஒன்று வழியில் இருந்தால் அலை அதைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். அந்தப் பக்கம் போனதும் அலைமுகப்பு மீண்டும் சேர்ந்துகொள்ளும். தாமதத்தின் தடமே பாதி அழிந்துவிடும். படத்தில் உருகிய உடல் உண்மையில் உள்ளதைவிடச் சிறியதாக, வலுக்குறைந்ததாகத் தெரிவதற்கு இதுவே காரணம். மான்செராட் ஆய்வாளர்கள் வெப்பக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து, படம் காட்டுவதைவிட உண்மையில் உருகியது அதிகமாக இருக்க வேண்டும் என்று சொன்னது இதனால்தான்.

தீர்வு, முதல் துடிப்போடு நிறுத்தாமல் முழு அலைவடிவத்தையும் கணினியில் பொருத்திப் பார்ப்பது. அதற்குத் தேவையான கணினித்திறன் அண்மையில்தான் கைவந்தது. கிரீஸின் சான்டோரினியைச் சுற்றி 2015-ல் நடந்த பெரிய கடலாய்வின் தரவை எடுத்து, 2022-ல் ஒரு குழு இந்த முறையில் கணித்தது. சான்டோரினிக்கு வடகிழக்கே 7 கிலோமீட்டரில், கடலுக்குள் இருக்கும் கொலும்போ எரிமலைக்கு அடியில், 2 முதல் 4 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு குழம்பு அறை தெரிந்தது, ஏறத்தாழ 1.4 கன கிலோமீட்டர் உருகிய குழம்பு. 1650-ல் வெடித்து ஏறக்குறைய 70 பேரைக் கொன்ற எரிமலை அது. பழைய முறையின் கண்ணில் படாமல் நழுவியது, அதே கடலில் பதிந்த அதே தரவில் புதிய முறைக்குச் சிக்கியது. 2025 ஜனவரி, பிப்ரவரியில் அந்தப் பகுதியில் நிலநடுக்கங்கள் ஆயிரக்கணக்கில் தொடர்ந்தபோது மக்கள் கூட்டம் கூட்டமாகச் சான்டோரினியை விட்டுக் கப்பலேறினார்கள். ஆழத்திலிருந்து கிளம்பிய குழம்பு மேலோட்டுக்குள் பிளவாகப் பரவி, கடல் தரையை எட்டாமல் நின்றுவிட்டது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

மேலோட்டுக்கும் கீழே என்ன என்பதற்கு ஹவாயிலிருந்தே புதிய விடை வந்தது. பெரிய தீவின் தென்பகுதியில் பஹாலா என்ற சிற்றூருக்கு அடியில் ஆழமான நிலநடுக்கங்கள் மிகுதி. 2018 முதல் 2022 வரையிலான பதிவுகளைக் கணினிக் கற்றல் முறையில் சலித்து, மனிதக் கண்ணுக்குத் தப்பிய நுண்ணதிர்வுகளையும் சேர்த்து, ஏறத்தாழ 1,92,000 அதிர்வுகளை ஜான் வைல்டிங், சக்கரி ராஸ் குழு இடம்குறித்தது. புள்ளிகளை முப்பரிமாணத்தில் அடுக்கியபோது 36 முதல் 43 கிலோமீட்டர் ஆழத்தில், கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தகடுகள் உருவெடுத்தன. அங்கிருந்து கிலாவேயாவை நோக்கி ஒரு புள்ளிப் பாதையும் கிளம்பியது. 1960-ல் ஜெரி ஈட்டனும் முராட்டாவும் ஹவாயின் குழம்பு 60 கிலோமீட்டர் அளவு ஆழத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டார்கள். அது வரும் வழியில் எங்கே தங்குகிறது என்பது அறுபது ஆண்டுகள் கழித்துத் தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் யாருக்காக என்ற கேள்விக்கு, 2018 டிசம்பர் 22 இரவில் இந்தோனேசியாவில் அனக் கிரகட்டா எரிமலைத் தீவின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்ததை நினைத்தால் போதும். எச்சரிக்கை இல்லாமல் வந்த சுனாமியில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீவின் எந்தப் பக்கம் இறுகிய கருவின்மேல் நிற்கிறது, எந்தப் பக்கம் தளர்ந்த குவியலின்மேல் நிற்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலையான பாரன் தீவு அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டரில் இருக்கிறது. கடலுக்கு மேல் தெரிவது 350 மீட்டர் அளவுதான். கடல் தரையிலிருந்து கணக்கிட்டால் 2 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலை. 1991-ல் நெடுந்தூக்கம் கலைந்ததிலிருந்து அது விட்டுவிட்டு வெடித்துவருகிறது. மான்செராட்டுக்கு உள்ள அளவு தெளிவான உள்படம் பாரனுக்கு இல்லை. ஆள் குடியில்லாத, கால்வைக்கச் சிரமமான அந்தத் தீவில் நிலையங்கள் அமைப்பது கடினம்தான். ஆனால் கப்பல் தீவைச் சுற்றி வர, கடலடியில் வளையமாகக் கருவிகள் பதிய, அவற்றை மீட்டு எடுத்துக் கணிக்க வேண்டிய திறன் நம் நாட்டில் இருக்கிறது. ஹைதராபாத்தின் புவி இயற்பியல் ஆய்வகமும், கோவாவின் கடலியல் நிறுவனமும், வங்கக் கடலின் ஆழத்தில் மிதவைகளை நங்கூரமிட்டு இயக்கும் சென்னை பள்ளிக்கரணையின் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்தால் ஒரு கடற்பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. 2004 சுனாமியைக் கண்ட கரைகள் நம்முடையவை. பாரனின் அடியை அளக்கும் திட்டத்தை அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது.